கடைசி வண்டிக்குப் பச்சைத் துணி

டிசம்பர் 9, 2025. செவ்வாய்

என் கடையிலிருந்து வாடகைக்குப் போன ஸ்கூட்டர் ஒன்று ஒரு பக்கக் கண்ணாடி இல்லாமல் திரும்பி வந்தது. எடுத்துப் போன பையன், எடுக்கும்போதே இல்லை என்று சாதிக்கிறான். சண்டையை முடித்து நிமிர்ந்தால் எதிரே விஜயகுமார் நிற்கிறார். சேலத்து பைக் கிளப்காரர். ஜனவரியில் முன்னாள் ராணுவத்தினர் தினம் வருகிறதாம். அதற்கு முந்தைய ஞாயிறு குப்பனூர் அடிவாரத்திலிருந்து கொட்டச்சேடு வழியாக மலைமேல் ஒண்டிக்கடை வரை பைக் ஊர்வலம். மலையில் இருக்கிற பட்டாளத்துக்காரர்களை ஆளுக்கொரு வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்து, மண்டபத்தில் சால்வை, சாப்பாடு. "மேல இருக்கற ஏற்பாட்டயெல்லாம் நீங்கதானுங்க்கா பாத்துக்கோணும்" என்றார். சரி என்றுவிட்டேன். அப்பாவும் பட்டாளம்தானே.

டிசம்பர் 10

அப்பாவிடம் சொன்னேன். முகமே மலர்ந்துபோனது. "என் வண்டிக்கு பேட்டரி மாத்தோணுமே" என்றார். பின்னால் உட்காருவது என்கிற யோசனையே அவருக்கு வரவில்லை. ராணுவத்தில் இருந்த காலமெல்லாம் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோய்க் கொடுத்தவர். அவரிடம் எப்படிச் சொல்வது?

ஆடி மழையில், கொண்டை ஊசி வளைவில் ஜல்லி சறுக்கி விழுந்து தோள்பட்டைக் காறையெலும்பை உடைத்துக்கொண்டார். அன்றைக்கு இருட்டும்வரை நான் வாசலில் நின்றேன். அவர் போனை எடுக்கவில்லை. கடைசியில் பால் வேன்காரர் ஏற்றிக்கொண்டு வந்தார். அதிலிருந்து வண்டிச் சாவி என் பீரோவில். எலும்பு கூடிவிட்டது என்று டாக்டரே சொல்லிவிட்டார். எனக்குத்தான் பயம் போகவில்லை.

நீங்கள் ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாப்பிடாமல் எழுந்துபோய்விட்டார்.

டிசம்பர் 21

மண்டபம் சொல்லியாச்சு. சமையல்காரரும் சொல்லியாச்சு. அப்பா பேசுவதில்லை. வீட்டில் இருப்பதே அவரும் நானும்தான்.

டிசம்பர் 28, ஞாயிறு

செம்மநத்தம் போய் சென்றாயன் மாமாவைப் பார்த்தேன். ராணுவத்தில் சமையல் பார்த்தவர். பின்னால் உட்கார அவருக்கு ஆட்சேபணை இல்லை. "ஹெல்மெட்டு மட்டும் நாத்தமில்லாததா பாத்துக் குடு சாமி" என்றார். எல்லாரும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ராத்திரி அப்பா வாயைத் திறந்தார். "சோடிச்சு ஊர்வலம் உட நா என்ன சாமி சிலையா? வண்டியக் குடு. இல்லேன்னா ஏதாச்சும் வேலையக் குடு. ரெண்டும் இல்லேன்னா நா வரல."

ஜனவரி 4, 2026

வேலை கொடுத்துவிட்டேன். கொட்டச்சேட்டுக்கு மேலே ஒரு குறுகிய வளைவு இருக்கிறது. அங்கே நின்று, மேலிருந்து இறங்கும் வண்டிகளை நிறுத்தி நம் பைக்குகளை விட வேண்டும் என்றேன். சும்மா ஒரு பேச்சுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பக்கம் என்ன பெரிய போக்குவரத்து? வீட்டில் முணுமுணுப்பு நின்றால் போதும் என்றிருந்தது.

அவரோ உடனே சட்டம் பேச ஆரம்பித்துவிட்டார். ராணுவத்தில் வண்டிகள் வரிசையாகப் போனால் கடைசி வண்டியில் பச்சைக் கொடி இருக்குமாம். அது கண்ணில் படும்வரை வளைவில் நிற்கிற ஆள் நகரக்கூடாதாம். "கடைசி வண்டி யாரு?" நான்தான் என்றேன். பழைய பச்சைப் பாவாடையிலிருந்து ஒரு துண்டு கிழித்து அவரே என் ஸ்கூட்டரின் பின்கம்பியில் கட்டிவிட்டார். கட்டட்டும்.

ஜனவரி 8

சால்வை வந்தது. கேட்டது மெரூன், வந்தது ஆரஞ்சு. அப்பா விசில் வாங்கி வந்து ஊதிப் பார்க்கிறார். பக்கத்து வீட்டு நாய் பைத்தியமாகிவிட்டது.

ஜனவரி 11, ஞாயிறு

தூங்குவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

விடியும்போதே அப்பாவை வளைவில் இறக்கிவிட்டு நான் அடிவாரம் போனேன். நல்ல பனிமூட்டம். ஊர்வலம் ஒழுங்காகக் கிளம்பியது. கொட்டச்சேடு வந்ததும் சமையல்காரரிடமிருந்து போன். கேஸ் தீர்ந்துவிட்டது, அரிசி பாதி வேக்காட்டில் நிற்கிறது. பைக்குகளை மேலே போகவிட்டு, நான் மட்டும் எஸ்டேட் குறுக்குப் பாதையில் ஸ்கூட்டரைத் திருப்பி நேராக மண்டபத்துக்குப் போய்விட்டேன். அந்தப் பாதை அப்பா நிற்கிற வளைவைத் தொடாது. ஒரு நொடிகூட அவர் ஞாபகம் வரவில்லை.

சால்வை போடும்போது மைக்கில் அப்பா பெயரைச் சொல்லி "வேலுசாமி" என்று கூப்பிட்டார்கள். நாற்காலி காலி. விஜயகுமாரிடம் கேட்டேன். "வளைவுல நின்னாருங்க்கா. பனியில எதிர்ல வந்த பஸ்ஸே எங்களுக்குத் தெரியல. அவரு விசில் ஊதி நிறுத்தலேன்னா நேரா அதுக்கடியில போயிருப்போம். உங்க கூட வருவாருன்னு நெனச்சோமுங்க." வெளியே ஓடிவந்தேன். என் வண்டியில் பச்சைத் துணி ஆடிக்கொண்டிருந்தது. வண்டியைக் கிளப்பிக்கொண்டு வளைவுக்குப் பறந்தேன்.

அங்கே டவர் கிடையாது. வளைவில் அவர் இல்லை. ரெண்டு வளைவு கீழே இருந்தார். தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு, பள்ளத்தை எட்டி எட்டிப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். விசில் ஊதுவார், நின்று கேட்பார், மறுபடி ஊதுவார். நான் உருண்டுவிட்டேன் என்று என்னைத்தான் தேடியிருக்கிறார். ஐயோ, என்ன வேலை பண்ணி வெச்சேன் நான்!

என்னைப் பார்த்ததும், "வந்துட்டயா" என்றார். அப்படியே சுவர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்கப்பா, யாரு கூடயாச்சும் மண்டபத்துக்கு வந்திருக்கக் கூடாதுங்களா?"

"நீ வரலயே கண்ணு."

நடுரோட்டில் நின்று அழுதேன். ஒரு ஜீப் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனது.

ஜனவரி 12

அப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை. கால் மட்டும் வீங்கியிருக்கிறது. ஆரஞ்சு சால்வையைக் காலுக்குச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். உங்கள் வாயை அடைக்கத்தான் அந்த வேலையைக் கொடுத்தேன், நான் ஒன்றும் பெரிதாக நினைக்கவில்லை என்று.

"அது எனக்குத் தெரியும். பஸ்ஸுக்குத் தெரியுமா?" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "ஆடியில நீ வாசல்ல நின்னது நொம்ப நேரமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜனவரி 27, செவ்வாய்

கடை லீவு. போன வாரம் அப்பா வண்டிக்குப் பேட்டரி மாற்றினோம். பிரேக்கை நானே இழுத்துக் கட்டினேன். அப்பா காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு பால் வாங்க ஒண்டிக்கடை போனார். மெதுவாகப் போங்கள் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. வாசல் பெருக்குகிற சாக்கில் அங்கேயே நின்றேன். பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்கினேன்.

போன் வந்தது. அவராகப் போன் செய்வது அபூர்வம்.

"கண்ணு, வந்து சேந்துட்டேன். பாலு ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டுங்கப்பா."

விளக்குமாற்றைச் சாத்திவிட்டு உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்தேன்.