குப்பி எண் நாற்பத்தேழு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. கண்ணாடி மாற்றியாகிவிட்டது, இந்தக் கடிதத்தின் எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். சமையலறைக் குழாய்தான் இன்னும் சொட்டுகிறது. பிளம்பர் மூன்று முறை "நாளைக்கு வர்றேம்மா" என்று சொல்லிவிட்டான். நாலாம் முறை சொன்னால் அவனுக்கு ஒரு காலண்டர் வாங்கிக் கொடுப்பதாக இருக்கிறேன்.

ஞாயிறுதோறும் போனில் பேசுகிறவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். எங்கள் கான்வென்ட்டில் பொய் சொல்லி அகப்பட்டால் அடி கிடையாது. உண்மையை மையால் எழுதி, கையெழுத்திட்டு, சிஸ்டரிடம் கொடுக்க வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் மறுபடி முதலிலிருந்து. எனக்கு அந்தத் தண்டனை ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை என்று உன்னிடம் எத்தனை தடவை பெருமை பேசியிருப்பேன்! இது நான் எழுதும் ஐந்தாவது பிரதி.

போன ஞாயிறு உன் ஆராய்ச்சியைப் பற்றி வெகுநேரம் சொன்னாய். இதயம் நின்று, மறுபடி ஓடவைக்கப்பட்டவர்களிடமிருந்து ஆஸ்பத்திரி அப்போதே எடுத்து உறையவைத்த இரத்தத்தில், மூளை நரம்புகள் சிதையும்போது கசிகிற புரதத்தை அளக்கிறீர்கள். மூன்றாம் நாள் அளவைக் கொண்டு, ஆள் கண் விழிப்பாரா மாட்டாரா என்று வீட்டாரிடம் நேராகச் சொல்ல முடிந்தால், இன்னொரு குடும்பம் நம்மைப் போல ஒன்பது நாள் அந்த நடைபாதை நாற்காலியில் உட்கார வேண்டியிராது என்றாய். நூற்றுப்பன்னிரண்டு பேரில் ஒருவர் மட்டும் கணக்குக்குள் அடங்காமல் இடக்குப் பண்ணுகிறார், இதயம் நின்றது ஆறே நிமிடம், புரதமோ பதினைந்து நிமிடத்துக்கு மேல் நின்றவருடைய அளவு என்றாய். "ரத்தம் எடுத்த இடத்துலயே குப்பி மாறியிருக்கும்மா. நாப்பத்தேழைத் தூக்கிடப் போறோம். ஆஸ்பத்திரிக்கும் புகார் எழுதியாச்சு" என்றாய்.

நான் பேச்சை மாற்றிக் குழாயைப் பற்றிச் சொன்னேன்.

உங்களுக்கு எண்கள்தான் வரும், பெயர் வராது, அப்பாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்பதற்கு மேல் நீ கேட்கக்கூடாது என்று முன்பே சொல்லியிருக்கிறாய். எனக்கு எண் தெரியும். நாற்பத்தேழு உன் அப்பா.

எட்டு வருடத்துக்கு முன், அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்றாம் நாள் காலையில் இரத்தம் எடுக்க வந்த நர்ஸ், முன்பல்லில் சின்ன இடைவெளி இருக்குமே அவள், குப்பியில் ஒட்டும் சீட்டில் நாற்பத்தேழின் ஏழை ஒன்று மாதிரி கிறுக்கியிருந்தாள். நான் விடுவேனா? "இது ஏழா, ஒண்ணா? வேற சீட்டு எடுத்து ஒழுங்கா எழுதும்மா" என்றேன். முகம் சுளிக்காமல் எழுதினாள். அப்பாவின் மணிக்கட்டுப் பட்டையோடு சேர்த்துப் பிடித்து, என்னையே வாசித்துப் பார்க்கச் சொன்னாள். வாசித்தேன். குப்பி மாறவில்லை.

செவ்வாய்க்கிழமை கண் டாக்டரிடம் போனபோது, மருந்து வாங்கும் வரிசையில் அவளைப் பார்த்தேன். "ஏழு நம்பர் அம்மாதானே நீங்க?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு முகத்தில் தங்கவில்லை. ஏதோ ஒரு குப்பியை மாற்றிவிட்டதாக விசாரணையாம், எது என்றுகூடச் சொல்லவில்லையாம், அவளை வார்டிலிருந்து எடுத்து ஸ்டோர் வேலைக்குப் போட்டுவிட்டார்களாம். "பதினோரு வருஷத்துல ஒரு குப்பி மாறினதில்லம்மா. அன்னைக்கு நீங்க வாசிச்சுப் பாத்தீங்களே, அந்த மாதிரி எல்லாப் படுக்கைக்கும் ஒரு ஆள் இருந்திருந்தா எனக்கு சாட்சி இருந்திருக்கும்" என்றாள். கவலைப்படாதே என்று சொல்லிவிட்டு வந்தேன். வெறும் வாய் வார்த்தை.

தவறு அந்த ஆறில் இருக்கிறது.

ரேடியோவில் ஏழு மணிச் செய்தி தொடங்கும்போது அப்பா குளியலறை வாசலில் விழுந்தார். உடனே ஓடினேன், அது உண்மை. கூப்பிட்டேன், பதில் இல்லை. பனியன் தோளில் கிழிந்திருந்தது. அதைத் தூக்கிப் போடச் சொல்லி ஒரு மாதமாக எங்களுக்குள் சண்டை. பைஜாமா நனைந்திருந்தது. கசங்கிய சட்டையில் அவரை வெளியார் யாரும் பார்த்ததில்லை, நான் பார்க்க விட்டதில்லை. போனை எடுக்கவில்லை. துடைத்துவிட்டேன். பைஜாமா மாற்றினேன். பீரோவிலிருந்து இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்தேன். கனத்த உடம்பு, ஒரு கையை நுழைப்பதற்குள் மறு கை நழுவியது. மயக்கம்தான், தெளிந்ததும் இந்தக் கோலத்தில் நாலு பேரை உள்ளே விட்டாயே என்று என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். ஆறு பொத்தானையும் போட்டேன். போனை எடுத்தபோது செய்தி முடிந்து பாட்டு ஆரம்பித்திருந்தது. அது பத்து நிமிடச் செய்தி.

அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸின் ஆறு நிமிடம். வந்தவன் செய்த முதல் வேலை, அந்தச் சட்டையைக் கத்தரியால் கீழிருந்து மேல்வரை வெட்டியது.

விழுந்து எவ்வளவு நேரத்தில் கூப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். உடனே என்றேன். பதற்றத்தில் சொன்னேன் என்று முதல் நான்கு பிரதிகளில் எழுதியிருந்தேன். யோசித்துத்தான் சொன்னேன்.

அதை நம்பித்தான் டாக்டர், "ஆறு நிமிஷம்தானே, பொறுத்துப் பாப்போம்" என்றார். அதை நம்பித்தான் தொண்டையில் குழாயோடு அப்பாவை, அவர் போகும்வரை, ஒன்பது நாள் கிடத்தினோம். நீ அவர் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே, "ஆறு நிமிஷத்துல எப்படிம்மா இவ்வளவு போகும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் அவ்வளவு தூரம் போனாய். உன் எட்டு வருடப் படிப்புக்கு நான் கொடுத்த அஸ்திவாரம் அது.

ஆஸ்பத்திரிக்கு இதையெல்லாம் நேற்றே எழுதி, கையெழுத்திட்டு, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. நீயும் உன் புகாரைத் திரும்பப் பெற்று, அந்தப் பெண்ணுக்கு உன் கைப்பட ஒரு மன்னிப்பு எழுது. எழுதுவாய். உன்னை அப்படித்தான் வளர்த்தேன். எனக்கு இதைச் சொல்லும் வாய் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை.

அப்பாவைக் கணக்கிலிருந்து தூக்கிவிடாதே. உங்கள் விதி இடம் கொடுத்தால், ஆறை அடித்துவிட்டுப் பதினாறு என்று போடு. அவர் எதிலும் இடக்குப் பண்ணுகிற மனிதர் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

உண்மையிலேயே ஆறு நிமிடமாக இருந்திருந்தால் அளவு எவ்வளவு வந்திருக்கும், அந்த அளவு வந்தவர்களில் எத்தனை பேர் எழுந்து வீட்டுக்கு நடந்து போனார்கள் என்பது உன் மேஜைமேல் இருக்கும். அதை மட்டும் என்னிடம் சொல்லாதே. நானாகக் கேட்டாலும் சொல்லாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மணி அடிக்காவிட்டால் புரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
உன் அம்மா