எனக்கென்று ஒரு தனிக் குவளை

சுவா,
திங்கட்கிழமை.

அன்புள்ள லிதியா அக்காவுக்கு,

உன் தம்பி எமோசி எழுதுவது. நான் நல்ல சுகம். ஆக்லாந்தில் குளிர் எப்படி? அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, அழுகைதான் குறையவில்லை. அவள் உனக்குப் போன் செய்திருக்கிறாள். உடனே நீயும், "ஏன்டா மானத்த வாங்குற? அந்தக் குவளையிலயே குடிச்சுத் தொலைச்சா என்ன?" என்று எனக்குச் செய்தி அனுப்பிவிட்டாய். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நேற்று ஊரில் ஆராதனை முடிந்து அம்மா வீட்டுப் பாயில் வட்டமாக உட்கார்ந்தோம். கவா வேர்ப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, வழக்கம்போல ஒரே கொட்டாங்கச்சியில் ஒவ்வொருவராகக் குடித்து வந்தார்கள். என் முறை வந்ததும் தானியேலா மாமா ஒரு நீல பிளாஸ்டிக் குவளையை நீட்டினார். விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை! "எல்லாம் உன் நல்லதுக்குத்தான்டா" என்றார். எனக்கு எச்.ஐ.வி. இருப்பதை அம்மா அவரிடம் சொல்லியிருக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குவளையைத் தள்ளிவிட்டுக் கொட்டாங்கச்சியை வாங்கி, முறைப்படி கை தட்டி, ஒரே மூச்சில் குடித்தேன். மாமா எழுந்து போய்விட்டார். போகட்டும்.

எச்சிலில் ஒட்டுகிற நோயா இது? தினமும் மாத்திரை போடுகிறேன். ரத்தத்தில் கிருமி தென்படவே இல்லை, படுக்கையில்கூட என்னிடமிருந்து யாருக்கும் தொற்றாது என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

எப்படி வந்தது என்று கேட்டாயே, கேட்டுக்கொள். இருபது வயதில் முதல்முறை ஒருவனோடு படுத்தேன். ஆசையைவிடப் பயம்தான் அதிகம். ஆணுறை வாங்கலாமென்று போனால், ஊரின் ஒரே மருந்துக்கடையில் நிற்பது நம் சபைப் பாடகர் குழு சலோத்தே அத்தை. அவளிடம் எந்த வாயால் கேட்பது? இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பினேன். இருட்டு, அவசரம், யாரிடமும் எதுவும் கேட்காமல் இருப்பது என்று அப்படியே பழகிப்போயிற்று. ஊரை விட்டு இந்தச் சுவா நகரத்துக்கு வந்து, தெருவுக்கொரு மருந்துக்கடை இருந்தும் அந்தப் பயம் விடவில்லை. ஆண்களை நேசித்ததற்கு நான் வெட்கப்பட மாட்டேன் அக்கா. பயந்து பயந்து நேசிக்க வைத்தார்களே, அவர்கள் வெட்கப்படட்டும்.

அடுத்த மாதம் நம் தம்பி வைசாலேயின் கல்யாணத்துக்கு நான் வராமலிருந்தால் நல்லது என்று மாமா சொல்லியனுப்பியிருக்கிறார். வருவேன். முன்வரிசையில்தான் உட்காருவேன்.

கல்யாணத்துக்கு வரும் உன்னைக் கூட்டிவர விமான நிலையத்துக்கும் நானே வருவேன். மாமா நிற்பார், அம்மா நிற்பாள், சபையே நிற்கும். எப்போதும்போல என் கன்னத்தில் மூக்கை வைத்து முகர்ந்து முத்தம் கொடு. கையை மட்டும் நீட்டிவிடாதே அக்கா, அதை என்னால் தாங்க முடியாது.

என்றும் உன்,
எமோசி