சம்பந்தி வீட்டுக்கு மூட்டை கட்டிய அவல்

1. ஜனக்பூர்தாமில் நிரந்தரமாக வசிப்பவனும், காலஞ்சென்ற பச்சா லால் கர்ணரின் பேரனும், காலஞ்சென்ற ஜோகேஷ்வர் லால் கர்ணரின் மகனும், சுநயனா தேவியின் கணவனும், முப்பத்தாறு ஆண்டுகள் வழக்குரைத்து ஓய்வு பெற்றவனும், அறுபத்துமூன்று வயது நிறைந்தவனுமாகிய உக்ரநாராயண் லால் கர்ணன் என்னும் நான் இதை எழுதுகிறேன்.

2. எழுதும் இடம் காத்மாண்டு, தமேல், ஒரு விடுதியின் மொட்டைமாடி. நேரம் பிற்பகல் இரண்டு மணி. எவருடைய வற்புறுத்தலும் இல்லை.

3. பெறுபவர், ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் வசிக்கும் என் ஒரே மகள் விபா.

சௌபாக்கியவதி விபாவுக்கு, அப்பாவின் ஆசிகள். நீயும் மாப்பிள்ளை புர்பாவும் குழந்தையும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்பியே இக்கடிதத்தைத் தொடங்குகிறேன்; நம்பிக்கை தவறாயின் உடனே தெரிவிக்கவும். ஊரில் உன் அம்மா நலம், முழங்கால் வலி மட்டும் பழையபடியே. மகளுக்கு எழுதும் கடிதத்தில் மூன்று தலைமுறை எதற்கு என்று நீ சிரிப்பாய். இதில் ஒரு வாக்குமூலம் இருக்கிறது. வாக்குமூலம் தருபவன் யாரென்று முதலில் பதிவாக வேண்டும் என்பது என் தொழில் எனக்குக் கற்பித்தது, அதனால்தான்.

ஆவணி மாதம் நீ தொலைபேசியில் சொன்னதை அன்றே குறித்துவைத்தேன். "பாபூஜி, பாகுன் மாசம் லோசார் புத்தாண்டுக்குக் கொழந்தையத் தூக்கிட்டு மாமியார் ஊருக்கு வரோம். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ நீங்க அந்த வீட்டுக்குப் போய்ட்டு வாங்க. போனா நான் ஜனக்பூர் வரேன். போகலன்னா லோசார் முடிஞ்சதும் அப்படியே ஏரோப்ளேன் ஏறிடுவேன்." நிபந்தனை தெளிவாக இருந்தது, நியாயமாகவும் இருந்தது. உன் திருமணம் முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன, சம்பந்தி வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை. ஆகவே தீபாவளியை அடுத்த சட் பூஜை முடிந்த மூன்றாம் நாள், இருதய மருத்துவரின் சான்றிதழையும் அதன் இரண்டு நகல்களையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மலைமேல் சம்பந்தி ஊரான ஹேலம்புக்குப் போகும் ஜீப் பாதை மழைக்காலத்தில் மூன்று இடங்களில் சரிந்துவிட்டதால் காத்மாண்டு ஓரத்துச் சுந்தரிஜலில் இருந்து நான்கு நாள் நடந்துதான் போக வேண்டும் என்றார்கள். சமவெளியில் பிறந்து, நீதிமன்றப் படிக்கட்டைவிட உயரமான எதிலும் ஏறாத நான், இப்படித்தான் முதுகுப் பை சுமக்கும் வெள்ளைக்கார இளைஞர்களின் நடுவே வந்து சேர்ந்தேன்.

தமேல் உனக்குத் தெரிந்த இடம்தான், விவரிக்கப் போவதில்லை. காலையில் இந்த மாடியில் நான் தேநீர் அருந்தும்போது சுற்றிலும் வரைபடங்களை விரித்துக்கொண்டு இருபது வயதுப் பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். சிலி நாட்டுப் பெண் ஒருத்தி, ஒட்டடைக் கம்பு உயரத்தில் டச்சுக்காரப் பையன் ஒருவன், இருவரும் எனக்கு நண்பர்களாகிவிட்டார்கள். கீழ்த்தளத்தில் மலையேற்றச் சாமான்களை வாடகைக்குத் தரும் கடை மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட தம்பி தாவாவுடையது. தூங்கும் பை ஒன்றை வாடகைக்குக் கேட்டேன். கிழிந்தால் யார் பொறுப்பு, ஏற்கனவே உள்ள ஓட்டையை யார் பதிவு செய்வது என்று கேட்டதற்கு, "அங்கிள், தூங்குறதுக்கு எல்லாமா பத்திரம் எழுதுவாங்க?" என்றான். எட்டு பிரிவுகளில் நானே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அதை அவன் கடைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறான், வருபவர்கள் புகைப்படம் எடுத்துப் போகிறார்கள். நகைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை என்பதே என் கருத்து.

உன் மாமியார் கர்சாங் புட்டி அம்மையார், குளிர்காலத்துக்கு முன் தம் லாட்ஜுக்கு வேண்டிய எண்ணெய், பருப்பு, கம்பளி வாங்கவும் என்னைக் கையோடு அழைத்துப் போகவும் மலையிறங்கி வந்திருந்தார். நான் எழுந்து கைகூப்பி, முன்பே மனத்தில் அமைத்து வைத்திருந்த இரண்டு வாக்கியங்களைச் சொன்னேன். அவர் என்னைத் தலை முதல் கால்வரை பார்த்துவிட்டு, "சம்பந்தி, பேச்சு நல்லாத்தான் இருக்கு. செருப்பு சரியில்ல" என்றார். அன்றே பூட்ஸ் வாங்கவைத்தார். புது பூட்ஸோடு மலையில் கால்வைத்தால் இரண்டாம் நாளே கொப்புளம் வந்துவிடும், மூன்று நாள் ஊருக்குள் நடந்து பழக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. ஆகவே பையையும் மாட்டிக்கொண்டு தமேலிலிருந்து அசன் சந்தைக்கும் இந்திரசௌக்குக்கும் காலை மாலை இரு வேளையும் நடந்தேன். அசனில் ஒரு மூதாட்டி என் முகத்தையும் பையையும் பார்த்துவிட்டு, "பையா, காலிபிளவர் கிலோ என்ன வெல?" என்று கேட்டார். நம் சமவெளி ஆட்கள் இந்நகரில் காய் விற்கிறார்கள், அவர்களை அண்ணன் என்ற பொருளில் 'பையா' என்றுதான் அழைப்பார்கள், ஆகையால் கேட்டார். உண்மையில் விலை தெரிந்திருந்ததால் சொன்னேன். அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதைவிட ஒரு படி கூடுதலாக நேற்று நடந்தது. மலைக்கு அனுமதிச் சீட்டு வாங்கித் தரும் ஏஜெண்ட் கடையில் இருந்த இளைஞன் என்னைப் பார்த்தவுடனே வெளிநாட்டவருக்கான படிவத்தை எடுத்து நீட்டி, இந்தியில், பாஸ்போர்ட் கேட்டான். நான் குடியுரிமைச் சான்றிதழை எடுக்கச் சட்டைப் பைக்குள் கைவிட்டேன்; சமவெளி முகத்தைப் பார்த்து இந்தியன் என்று எண்ணுபவர்களிடம் அதைக் காட்டுவது நாற்பது ஆண்டுப் பழக்கம். அதற்குள் உன் மாமியார் மேசையில் கையை ஊன்றி, "ஏண்டா தம்பி, இவர எந்த நாடுன்னு நெனச்சே? என் மருமகளப் பெத்தவரு. அப்பன் பேரு தாத்தன் பேரு கேளு, மூணு தலமொற என்ன, ஏழு தலமொற சொல்லுவாரு, ஒனக்குத்தான் எழுதக் கை வலிக்கும்" என்றார். அந்த இளைஞன் படிவத்தை மாற்றினான். விபா, எனக்காக நீதிமன்றத்தில் யாரும் வாதாடியதில்லை. பிறருக்காக வாதாடுவதே என் வேலையாக இருந்தது. வெளியே வந்தபின் நன்றி சொல்ல முயன்றேன். "வேகமா நடங்க சம்பந்தி, எண்ணெக் கடை மூடிருவான்" என்றார்.

இனிச் சொல்ல வேண்டியது இன்று காலை நடந்தது. சுமை தூக்க ஜங்கே தமாங் என்பவரை அமர்த்தியிருக்கிறோம். எடை பார்ப்பதற்காகத் தாவாவின் கடைத் தராசுக் கொக்கியில் என் மூட்டையை மாட்டினார். இருபத்து நான்கு கிலோ. ஜங்கே முகத்தைச் சுளிக்கவில்லை, "வக்கீல் சாப், சட்டப் புத்தகமா?" என்று மட்டும் கேட்டார். உன் மாமியார் மூட்டையை அவிழ்த்தார். அவல் எட்டு கிலோ, சத்துமாவு நான்கு கிலோ, பொரி, வெல்லம், எலுமிச்சை ஊறுகாய், சட் பூஜைக்கு உன் அம்மா மாவு பிசைந்து பொரித்த தேகுவாப் பணியாரம் ஒரு டின், தண்ணீர் நிரப்பிய நான்கு பாட்டில். "என்ன சம்பந்தி, மேல மளிகைக் கடை போடப் போறீங்களா? எனக்குப் போட்டியாவா?" என்று அவர் சிரித்தார். ஜங்கேயும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றியிருக்கலாம். ஆனால் கேட்ட கேள்விக்குத் தவறாகப் பதில் சொல்லக்கூடாது என்று எண்ணி, காரணத்தை விளக்கினேன். மகளைக் கொடுத்த வீட்டில் தகப்பன் கைநனைப்பதில்லை, பச்சைத் தண்ணீரும் குடிப்பதில்லை. சில குடும்பங்களில் பேரப்பிள்ளை பிறந்தபின் தளர்த்துவார்கள், என் பாட்டனார் தளர்த்தவில்லை, என் தந்தையும் தளர்த்தவில்லை. ஆகவே தங்கும் ஆறு நாளுக்கு என் உணவை நானே கொண்டுவருகிறேன், இதில் அவமதிப்பு எதுவும் இல்லை, மாறாகக் கொண்ட வீட்டுக்குக் காட்டும் உச்சபட்ச மரியாதையே இது என்றேன். நன்றாகவே வாதாடினேன் என்று அப்போது நினைத்தேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அவல் பொட்டலத்தின் முடிச்சைத் திரும்பக் கட்டினார். அவர் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன். "சரி சம்பந்தி. கொடுத்த வீட்ல சாப்பிடக் கூடாது. புரியுது, நல்ல பழக்கந்தான். ஆனா நீங்க எப்பக் குடுத்தீங்க? அன்னிக்கி எங்க வாசல்ல எல்லாரும் நின்னாங்க. லாமா வந்தாரு, ஊரே வந்துச்சு. பொண்ணு பக்கம் ஒரு ஆளு இல்லாம ஏஞ்சின்னம்மா மகதான் வெபா பக்கத்துல ஒக்காந்தா. நீங்க குடுக்கவே இல்லியே. குடுக்காத பொண்ணு வீட்ல சாப்பிட என்ன தட?"

மகளே, முப்பத்தாறு ஆண்டுகளில் எதிர்த்தரப்பின் வாதத்தை நான் அப்படியே ஏற்றுக்கொண்டது இதற்கு முன் இரண்டு முறைதான். கன்னிகாதானம் செய்தவனுக்குத்தான் அந்த விலக்கு. தானமாகக் கொடுத்ததிலிருந்து எதையும் திரும்பப் பெறலாகாது என்பதே அதன் அடிப்படை. தானம் செய்யாதவன் அந்த விதியைப் பிடித்துக்கொண்டு நின்றால், செய்யாத ஒன்றைச் செய்ததாகப் பொய்ச்சாட்சி சொல்கிறான் என்று பொருள். அவலைச் சுமந்தால் நான் பொய்யன். அதை இறக்கி வைத்தால், என் மகளின் மணத்துக்கு நான் போகவில்லை என்று நானே ஒப்புக்கொண்டவன். மூன்றாவது வழி எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, தேடிப்பார்த்தேன்.

ஆகவே இப்போது வாக்குமூலம். உன் திருமண நாளன்று ஜனக்பூர் நீதிமன்றத்தில் எனக்கு ஒரு வழக்கு இறுதி விசாரணைக்கு இருக்கிறது, வர இயலாது என்று உனக்கு எழுதியிருந்தேன். வழக்கு இருந்தது உண்மை. முந்தைய நாள் மாலை நான்கு மணிக்கே அது ஒத்திவைக்கப்பட்டுவிட்டது என்பதும் உண்மை. மறுநாள் காலை காத்மாண்டு விமானத்தில் இடம் இருந்தது, அங்கிருந்து ஜீப்பில் பிற்பகலுக்குள் வந்திருக்கலாம், விசாரித்தேன். போகவில்லை. கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வழக்கு எதுவும் இல்லாமலே நீதிமன்றத்துக்குப் போய், மாலை வரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நம் சாதியல்லாத மலைக்காரரை என் மகள் மணந்ததற்கு ஊரார் என்ன சொல்வார்கள் என்ற பயம் அது. அதற்குக் கொள்கை என்று பெயர் வைத்துக்கொண்டேன். உன் அம்மாவுக்கும் இது தெரியாது, இன்று காலைதான் சொன்னேன். முதலில் இதைக் கேட்டவர் உன் மாமியார். கடையில் நின்றபடியே அவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அன்னிக்கி மழ வேற. நீங்க வந்திருந்தா வழுக்கி விழுந்திருப்பீங்க" என்றார். பிறகு உள்ளே போய், ஊரிலிருந்து கொண்டுவந்த உருளைக்கிழங்கை அவித்து, மிளகாய் பூண்டுத் துவையலோடு ஒரு தட்டில் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அவர்கள் வீட்டுக் கொல்லையில் விளைந்தது. நான்கு தின்றேன். ஐந்தாவதை அவரே உரித்து வைத்தார், அதையும் தின்றேன். காரத்தில் கண்ணில் நீர் வந்தது. காரத்தில்தான் என்று ஜங்கே நம்பினார்.

உன் அம்மாவுக்குத் தொலைபேசி செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "அப்ப பிரசவத்துக்குக் கூடப் போகாம, மக வீட்ல தண்ணி குடிக்கக் கூடாதுன்னு என்ன ஊர்ல ஒக்கார வெச்சீங்களே, அது எதுக்கு?" என்று கேட்டாள். "தேகுவாவுக்கு மாவு பெசஞ்சது இன்னும் எங்கை வலிக்குது. சரி, நீங்க குடுக்கலன்னா நானும் குடுக்கல. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுங்க. நாம் போயி ஆறு மாசம் அவ வீட்லயே ஒக்காந்து திங்கிறேன்" என்றாள். ஆகவே அவளுக்கு அழைப்புக் கடிதம் ஒன்று அனுப்பவும். மாதிரியை நான் தயாரித்து அனுப்புகிறேன், அதை மாற்ற வேண்டாம்.

அவலையும் சத்துமாவையும் சிலிப் பெண்ணும் டச்சுப் பையனும் எடுத்துக்கொண்டார்கள். தேகுவா டின்னை மட்டும் உன் மாமியார் விடவில்லை, "இது பிரசாதம், இது மேல வரும்" என்று தம் பையில் வைத்துக்கொண்டார். என் மூட்டை இப்போது ஒன்பது கிலோ. நாளை காலை ஆறு மணிக்கு சுந்தரிஜல் பஸ். மெதுவாக நடப்பேன், தலை வலித்தால் ஏறமாட்டேன், மருத்துவர் தாளை மேல் பையில் வைத்திருக்கிறேன். நீ கவலைப்பட வேண்டாம். பாகுனில் வரும்போது குழந்தைக்குக் காது மூடும் குல்லாய் இரண்டு கொண்டுவா. பிறப்புச் சான்றிதழின் மூலத்தைப் பெட்டியில் போடாமல் கையிலேயே வைத்துக்கொள்.

ஒன்று மீதி இருக்கிறது. தட்டைக் கழுவி வைத்தபின் உன் மாமியாரிடம், விபா வரும்போது ஜனக்பூரில் முறைப்படி கன்னிகாதானம் செய்து, விட்டதைச் சரிசெய்துவிடலாமா என்று கேட்டேன். குறையை நிவர்த்தி செய்வதே சட்டம் அறிந்தவனின் முதல் எண்ணம். அவர், "தாராளமா செய்ங்க. செஞ்சா அடுத்த தடவ மறுபடி அவல் மூட்டை. நல்லா யோசிச்சு சொல்லுங்க சம்பந்தி" என்றார். மதியம் முழுவதும் இந்த மாடியில் அமர்ந்து யோசித்தேன். முடிவை எழுதுகிறேன். அன்று நான் வராதது குற்றம். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், நீ தரும் தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு இல்லை. ஆனால் அந்தத் தானத்தை இனியும் செய்யப் போவதில்லை. உன்னை நான் யாருக்கும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். நீ புர்பாவின் மனைவியாகவும் அந்த வீட்டின் மருமகளாகவும் நூறாண்டு வாழ வேண்டும். என் மகளாகவும் அப்படியே முழுமையாக இருக்க வேண்டும். மலையிலும் பெர்த்திலும் உன் அடுப்பில் எது வெந்தாலும் அதில் எனக்கு ஒரு பங்கு உண்டு. இதைப் படித்து, எனக்குப் புரிந்து, என் சம்மதத்தின்பேரில் கையெழுத்திடுகிறேன்.

உன் அப்பா,
உக்ரநாராயண் லால் கர்ணன்

சாட்சிகள்:
1. கர்சாங் புட்டி லாமா, ஹேலம்பு. மாப்பிள்ளையின் தாய்.
2. ஜங்கே தமாங், சுமை தூக்குபவர். இடது கைப் பெருவிரல் ரேகை.