பெருங்குடல் இல்லாமல் கீரிப்பாறைக்கு

ஜூன் 8, ஞாயிறு
திருவட்டாறு. காலை முதல் சாரல். ஆஸ்பத்திரிக்குப் பை கட்டும் வேலை.
முன்பு நான் அறிவியல் நடத்திய எட்டாம் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: “டீச்சர், பெருங்குடல் இல்லாம மனுசன் உயிரோட இருக்க முடியுமா?” புத்தகத்தில் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். சொல்லவே இல்லை. வருகிற புதன்கிழமை எனக்கு முழுதாக எடுக்கிறார்கள். முடியும் என்கிறார் டாக்டர். சிறுகுடலின் நுனியை வயிற்றில் ஒரு துளை வழியே வெளியே கொண்டுவந்து தைப்பார்கள். அதன் மேல் ஒரு பை. ஆயுசுக்கும். உ-ம்: கூரைத் தண்ணீர் தொட்டிக்குப் போகாமல் நேரே வாளியில் விழுவது.
குடலில் புண், ஏழு வருடம். ரத்தம். நாளுக்குப் பதினைந்து முறை. கீரிப்பாறையில் அண்ணன் வீட்டுக்குப் போயும் ஏழு வருடம். அண்ணனுக்கு முட்டுவலி, மலை இறங்க முடியாது. எனக்கு அரை மணி நேரம் பஸ் தாங்காது; ஏறினாலும் சட்டென்று இறங்கப் படிக்குப் பக்கத்து சீட்டில்தான். வழியெல்லாம் ரப்பர் மரம், ஒதுங்க ஓர் இடம் கிடையாது. போனில் குரல் மட்டும்.
எடுக்க: நைட்டி 4, துண்டு, கண்ணாடி, பைபிள், தளர்ந்த பாவாடை 2.

ஜூன் 10, செவ்வாய்
நாகர்கோவில். நல்ல மழை. குடலைக் கழுவப் பேதி மருந்து. இன்று முழுக்கத் தெளிந்த திரவம் மட்டும். மைனி (அண்ணன் மனைவி) முதல் பஸ்ஸில் ஃபிளாஸ்க்கோடு வந்தாள். கஞ்சித்தண்ணி. இரண்டு டம்ளர் குடித்தேன். எங்கள் வீடுகளில் அதைச் சாப்பாட்டில் யாரும் சேர்ப்பதில்லை. காய்ச்சலுக்கும் அதுதான், வெயிலுக்கும் அதுதான்.
மாலையில் நர்ஸ் ஷமீமா டம்ளரைப் பார்த்துவிட்டாள். குளச்சல்காரி. “டீச்சர், கஞ்சி குடிச்சியளா?”
மைனிக்குக் கோபம். “ஒரு பருக்க விழாம வடிச்ச வெள்ளம் மக்கா. அது எப்பிடி கஞ்சியாவும்?”
ஷமீமா மிச்சத் தண்ணியைச் செய்தித்தாளின் முன்னால் பிடித்தாள். “வாசியுங்க பாப்போம்.” மைனி என் கண்ணாடியை வாங்கிப் போட்டும் ஓர் எழுத்து தெரியவில்லை. ஒளிபுகும் பொருள், ஒளிபுகாப் பொருள் என்று முப்பத்து மூன்று வருடம் பாடம் நடத்திய நான் பக்கத்தில் படுத்திருக்கிறேன். வெட்கம். ஆபரேஷன் வியாழனுக்குத் தள்ளிப் போயிற்று.

ஜூன் 11, புதன்
மறுபடி பேதி மருந்து. உப்புச் சுவை, குமட்டல். தெளிந்த தண்ணீர் மட்டுமே போகும்வரை.
துளை வரும் இடத்துக்கு ஷமீமா மையால் புள்ளி வைத்தாள். உட்காரச் சொன்னாள், குனியச் சொன்னாள். “போர்டுல எழுதுகது மாதிரி கைய தூக்குங்க டீச்சர்.” தூக்கினேன். பாவாடை நாடா படாத இடமாகப் பார்த்து, கீழே தள்ளி ஒரு புள்ளி.
பயம் இதற்குப் பிறகுதான் வந்தது. ஞாயிறு சபையில் பை நாறினால்? வீட்டுக்காரரிடம் சொன்னேன். ரப்பர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். “முப்பது வருசம் ரப்பர் பால் நாத்தத்துல சோறு தின்னவன் நான். எனக்கா பயம் காட்டுக?” என்றார்.

ஜூன் 14, சனி
எடுத்தாயிற்று. ஐந்து மணி நேரமாம். எனக்கு ஒரு நிமிடம். குழாய்கள்: மூக்கு, கை, வயிறு, மூத்திரம். இருமினால் உயிர் போகிறது. பை காலி. குடல் வேலை தொடங்கினால்தான் ஆபரேஷன் சரி. வருகிறவர் எல்லாம் முதலில் பையைப் பார்க்கிறார்கள், பிறகுதான் முகத்தை.
மாலை 4.10: பை பூரி போல உப்பியது. காற்று. வெறும் காற்று. மைனி ஸ்தோத்திரம் சொல்லி அழுதாள். டாக்டர் வந்து பார்த்துச் சிரித்தார். பி.எட். ரிசல்ட் வந்த அன்றுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்
வெயில். மூக்குக் குழாய் போயிற்று. பெருங்குடல் இல்லாததால் நீரும் உப்பும் நிற்காமல் போய்விடும், ஈடு கட்ட வேண்டும் என்றார் டாக்டர். அவர் எழுதிக் கொடுத்தது: உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி. மைனி ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வார்டின் நடுவே நடந்து வந்த நடை! “பிள்ளே, இண்ணைக்கி பேப்பர் ஒண்ணும் வேண்டாமா?” ஷமீமா வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

ஜூலை 6, ஞாயிறு
வீடு. பை மாற்ற முதல் தடவை நாற்பது நிமிடம், இரண்டாம் தடவை ஒழுகிற்று. அவர் விரிப்பை அலசினார். நான் குளியலறையில் அழுதேன். இன்று தனியாக, பன்னிரண்டு நிமிடம். உ-ம்: சைக்கிள் ட்யூபில் பஞ்சர் ஒட்டுவது. தோல் காயாமல் ஒட்டக் கூடாது, அவ்வளவுதான். ரத்தம் இல்லை. ஓட்டம் இல்லை. எடை 2 கிலோ ஏற்றம்.

ஆகஸ்ட் 23, சனி
மேகம், மழை இல்லை. நாகர்கோவிலில் இருந்து கீரிப்பாறை பஸ். அவர் கூட வருகிறேன் என்றார்; வேண்டாம் என்றேன்.
தடிக்காரன்கோணம் தாண்டியதும் கை தானாகக் கம்பியைப் பிடித்தது. வயிறு ஒன்றும் சொல்லவில்லை. ரப்பர் பாலில் மழைத் தண்ணீர் சேராமல் மரத்துக்கு மரம் கட்டிய பிளாஸ்டிக் பாவாடை. எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். ஓரிடத்திலும் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.
அண்ணன் கம்பு ஊன்றி ஸ்டாப்பில் நின்றான். “ஏட்டி, பஸ்ஸு ஏழு வருசம் லேட்டு.” கம்பை வாங்கிக்கொண்டு என் கையைக் கொடுத்தேன்.
மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கு, நன்றாக மென்று. மீன்குழம்பு. இரண்டு மணி நேரம் பேச்சு, பையைக் காலி செய்ய ஒரு தடவை மட்டும் எழுந்து போனேன்.
அடுத்த வாரம் ஒருத்திக்கு இதே ஆபரேஷனாம், அவளுக்குத் தைரியமாக ஒரு வரி எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள் ஷமீமா. திரும்பி வரும் பஸ்ஸில் எழுதியது:
படிக்குப் பக்கத்து சீட்டில் உட்காராதே. உள்ளே போய் ஜன்னல் ஓரம் உட்கார்.