ஒழுகாத தகரக் கூரை

ஐப்பசி 14, வியாழன்

புயல் வருகிறதென்று வலங்கைமானிலிருந்து ஷீட் போடும் செல்வத்தைக் கூப்பிட்டேன். தகரம் பறக்காமலிருக்க வருடக்கணக்காக அதன்மேல் மண்மூட்டை அடுக்கியிருந்தேன். செல்வம் மூட்டையைத் தூக்கியதும் கத்தினார்.

“பெரியப்பா, ஈரம் தங்கி மூட்டைக்கு அடியிலதான் துரு தின்னுருக்கு! காத்தே வேணாம், நீங்களே வீட்டக் கவுத்துடுவீங்க போல.”

துருப்பிடித்த இரண்டு தகரத்தையும் மாற்றி, தகரத்தைச் சட்டத்தோடு கவ்விப் பிடிக்கும் ஜே போல்ட்டும் ரப்பர் வாஷரும் போட்டு முடுக்கினார்.

சாயங்காலம் காற்றோடு நல்ல மழை. ஒரு சொட்டு இறங்கவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சென்னையிலிருந்து மகன் போன் செய்தான்.

“ஒழுகுதாப்பா? ஒழுகினா இங்க வந்து எங்களோட இருங்க.”

“ஒரு சொட்டு இல்லடா!” என்றேன்.

“அப்ப சரிப்பா, அங்கேயே இருங்க.”

வைத்துவிட்டான்.

இந்த வயதில் எழுதப் பழகிய பிறகு இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. அவனிடம் லேசாக ஒழுகுகிறது என்று சொல்லியிருக்கலாம்.