நூற்றுக்கு நூறு தந்த மென்பொருள்

திங்கள், டிசம்பர் 3

காலையிலிருந்து தூறல். செங்கல்பட்டு பேருந்தில் ஜன்னல் ஷட்டர் இறங்கவில்லை. துப்பட்டா ஈரம்.

வேலை: வெல்டிங் துண்டுகளுக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து, எது நல்லது, எதில் விரிசல் என்று கணினியே பிரிக்க வேண்டும். வரைந்து பார்த்தால் இரண்டு வகையும் இரண்டு பிறைகள் போல ஒன்றுக்குள் ஒன்று. நேர்கோட்டால் பிரியாது. வளைந்து போகிற கோடு வேண்டும். விலைக்கு விற்கும் மென்பொருளை வாங்க ஆய்வகத் தலைவர் சார் கையெழுத்துப் போட மாட்டார்.

வெள்ளிக்கிழமை ஆய்வுக் கூட்டம். செல்வி, நான், இருவரும் ஆய்வகத்தில் தற்காலிகம். ஒருவரைத்தான் நீட்டிப்பார்கள் என்று பேச்சு.

செவ்வாய்

மாலை, செங்கல்பட்டு பிரவுசிங் சென்டர். வளைகோட்டில் பிரிக்கும் மென்பொருள் ஒன்று கிடைத்தது. இலவசம். மூலநிரலும் கூடவே. யார் வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாமாம். ஏன்? இவ்வளவு உழைத்துவிட்டு முகம் தெரியாதவளுக்கு எதற்குக் கொடுக்கிறார்கள்? ஃப்ளாப்பியில் ஏற்றினேன்.

சென்டர் அண்ணன்: "இன்னாம்மா, படம் கிடம் இல்ல, வெறும் எழுத்தா கீது? வைரஸ் வந்துச்சுன்னா நீதான் பொறுப்பு."

சந்தேகத்துக்குத் துணை கிடைத்தது.

புதன்

நிரலை வரிவரியாகப் படித்தேன். திருட்டுத்தனம் எதுவும் கண்ணில் படவில்லை. ஓட்டினேன். அதற்குக் காட்டாமல் வைத்திருந்த துண்டுகளிலும் நூற்றுக்கு நூறு.

மறுபடி ஓட்டினேன். அதே நூறு. சார் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டார். "வெரி குட். ஸ்லைடுல போட்டுடு."

செல்வி: "நூறு வந்தா சிரிக்கணும்டி. நீ இன்னா, எழவு வூட்டுக்குப் போறவ மாதிரி கீற?"

படாளத்துப் பெண். வாய் அப்படித்தான். ஆனால் விரிசல் துண்டுகளை அளந்தது அவள். நூறு வருகிறதென்றால் யாரோ விடையை முன்பே காட்டியிருக்கிறார்கள். மென்பொருளா, அவளா?

வியாழன்

எல்லோருக்கும் முன்னால் போய்த் துண்டுகளை எடுத்துப் பார்த்தேன். நான் அளந்த நல்ல துண்டுகளில் கிரீஸ் பிசுக்கு. கருவி இடைவெளியில்லாமல் ஒட்டி உட்கார அதைத் தடவுவது வழக்கம். விரிசல் துண்டுகளை முகர்ந்தேன். தலைக்கு வைக்கும் எண்ணெய். செல்வி வந்ததும் கேட்டேன்.

"கிரீஸ் காலி. ஸ்டோர்ல இல்லன்னுட்டான். ஹாஸ்டல்லேர்ந்து தேங்காண்ண எடுத்தாந்து போட்டேன். ஏசில உறைஞ்சி ஒரே பேஜாரு."

"சொல்லவே இல்லையே?"

"நீ கேட்டியா?"

கிரீஸில் ஓர் எதிரொலி, எண்ணெயில் வேறு. மென்பொருள் விரிசலைக் கண்டுபிடிக்கவில்லை. தேங்காய் எண்ணெயைக் கண்டுபிடித்திருக்கிறது. சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது. தெரியாமல்தான் செய்தாளா?

எல்லாவற்றையும் துடைத்து, வெளிக்கடையில் வாங்கிவந்த கிரீஸைத் தடவி, இருவரும் சேர்ந்து மறுபடி அளந்தோம். இப்போது பத்துக்கு எட்டு சரி. நேர்கோட்டால் பிரித்தால் ஆறுதான். எட்டு என்பது நம்பும்படி இருந்தது.

சாரிடம் சொன்னேன்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"செல்விக்கு சார்."

"அவ பேச மாட்டா. நூறே இருக்கட்டும்."

அவள் பேச மாட்டாள் என்று இவருக்கு எப்படித் தெரியும்?

வெள்ளி

மழை இல்லை. புழுக்கம். கூட்டத்தில் சார் நூறைக் காட்டினார். குழுவிலிருந்த அம்மா ஒருவர் என் பக்கம் திரும்பி, "நூறா? நம்பலாமாம்மா?"

"வேண்டாம் மேடம்."

எண்ணெய்க் கதை முழுவதும் சொன்னேன். தடவியது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. பத்துக்கு எட்டையும் சொன்னேன். யாரோ சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை.

வெளியே செல்வி. "எம் பேர இழுத்தியா?"

"இல்ல."

"சத்தியமா?"

அவள் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

சனி

நீட்டிப்பு செல்விக்கு. எனக்கு இந்த மாதத்தோடு சரி. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மதியம் என் மேசைக்கு வந்து நின்றாள். "அந்த சாஃப்ட்வேர எப்டி ஓட்றதுன்னு எழுதிக் குட்த்துட்டுப் போடி. எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவளே கேட்கிறாளா, சார் கேட்கச் சொன்னாரா? யோசித்துக்கொண்டே காகிதத்தை எடுத்தேன். முதல் வரி: கிரீஸ் மட்டும்.