இனிது என்று சான்று பெற்ற நீர்

திருவளர்க. ஊற்றங்காலில் பிறந்து மாடவாயில் அரண்மனையை விளங்கச் செய்த பெருந்தேவி ஆதிரைநங்கையார் திருமுன்புக்கு, தென்கோட்டத்து நீர்க்கண்காணி வேட்டூர் கிழான் நக்கன் சாத்தன் விடுக்கும் ஓலை. தேவியாரும் வயிற்றில் வளரும் மகவும் நலம் பெறுக. தலைநகரின் குளங்கள் தெளிந்திருக்க.

அரசியின் முதல் மகவுடைய நாவை முதலில் நனைப்பது தாய் பிறந்த ஊரின் கிணற்று நீர் என்பது இந்நாட்டு வழக்கு. அதற்கான குடம் அரச முத்திரையோடு ஊற்றங்காலிலிருந்து புறப்பட்டு இன்று நான்காம் நாள். பேற்றறையின் கதவைச் சாத்தி, நூறு நெய்விளக்குகள் சூழ வைத்தே அந்த முத்திரை உடைக்கப்படும். அதைத் தடுக்கவே இவ்வோலை.

நீருக்குச் சான்று சொன்னவள் பூதி கொற்றி. சிறுவயதில் தேவியாருக்கு அதே கிணற்றில் நீந்தக் கற்றுக்கொடுத்தவள். கண்மூடி ஒரு வாய் குடித்து, இனிது, உவர், கைப்பு என்னும் மூன்றில் ஒன்றைச் சொல்வது சான்றாட்டியின் கடமை. வேறு சொல் சொன்னால் சான்று செல்லாது. குடம் நிறைத்த அன்று அவள் ஒரு வாய் குடித்ததும் கண்ணைத் திறந்து கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"உப்பும் இல்ல, கசப்பும் இல்லங்க. உள்ள யாரோ இருந்து மூச்சு விடுற மாதிரி இருக்கு" என்றாள்.

"மூச்சுக்கு இங்க சொல்லு கிடையாது கொற்றி. மூணுல ஒண்ணச் சொல்லிட்டு எந்திரி, வெயில் ஏறுது" என்றான் முத்திரை அதிகாரி.

இனிது என்றாள். குடம் மூடப்பட்டது.

அன்று அந்தியில் கிணற்றடி மாடத்தில் விளக்கேற்றப் போனாள். கையிலிருந்த தீ கிணற்றின் வாய்க்கு மேல் வந்ததும் திரியை விட்டு இறங்கி, நீரின் மேல் நின்றது. நீலமாக, புகையின்றி, ஓசையின்றி நின்றது. கை வெந்ததை அவள் பிறகே அறிந்தாள். தான் சொன்ன சொல் குடத்தோடு தலைநகருக்குப் போய்க்கொண்டிருப்பதுதான் முதலில் அவள் நினைவுக்கு வந்தது. வெந்த கையோடு ஒன்றரை நாள் நடந்து வேட்டூரில் கண்காணியின் வீடு சேர்ந்தாள்.

கண்காணி நேரில் வந்து பார்த்தான். தீ அணைந்திருந்தது. நீர் மட்டும் அடுப்பின்றிக் கொதித்துக்கொண்டிருந்தது, தொட்டால் குளிர்ச்சி. ஊருக்கு மேற்கே எண்ணெய்ப் பண்டாரத்தார் மூன்றாண்டுகளாக யானைகள் பூட்டிய பொறிகளால் நீரையும் மணலையும் ஒரு மருந்தையும் ஆழத்துப் பாறைக்குள் அழுத்தி, அதைப் பிளந்து எண்ணெயும் எரிகாற்றும் எடுக்கிறார்கள். மருந்தின் பெயரைக் கேட்பது அரச ஆணையால் விலக்கப்பட்டது. பிளவு எங்கே போய் முடிகிறது என்பதைப் பண்டாரத் தலைவரும் அறியார். திரும்பி மேலே வரும் நீரைத் தேக்கிய குழியில் குடித்த எருமைகள் படுத்தன, எழவில்லை. உச்சிவேளையில் பரணில் உள்ள பானைகள் தாமே ஒன்றோடொன்று மோதுகின்றன. தவளைகள் கத்துவதில்லை. இவ்வாண்டு பிறந்த குழந்தைகளில் இரண்டு அழாமலே போயின என்றார்கள். காரணம் கண்காணி அறியான், கேட்டதை எழுதுகிறான்.

ஆகையால், அந்தக் குடம் கோட்டைவாயிலைக் கடக்க வேண்டாம். கூரையற்ற வெளியில், ஆளும் தீயும் அணுகாத இடத்தில் அது இருக்கட்டும். எக்காரணத்தாலும் விளக்கருகே திறக்கப்பட வேண்டாம். சடங்கு பிழைத்தது என்பார் உண்டாயின் அப்பிழை சாத்தன் தலைமேல் ஆகுக. பண்டாரத்தின் துளைகளை நிறுத்தும் ஆணையைத் தேவியார் அரசரிடம் பெற்றருள்க.

அரக்கு முத்திரையில்லாத ஓலை அவையேறாது என்பது தெரியும். ஆனால் அரக்கு உருக்க இவ்வூரில் எவரும் தீ மூட்டத் துணியவில்லை; தீ மூட்டும் ஊர் தேடிப் போக நேரமும் இல்லை. எனவே கிணற்றடி ஈரமண்ணில் கணையாழி பதிக்கப்பட்டது. பக்கத்தில் இருப்பது கொற்றியின் இடக்கை விரல் தடம்.

தன் சான்றை அவள் மீட்டுக்கொள்கிறாள். வழக்கில் இல்லாத நான்காவது சொல்லை ஓலையில் ஏற்றச் சொன்னாள். தேவியாரைப் பெயரிட்டு அழைத்த பிழை பொறுக்கப்படுக. அவள் சொன்னபடியே எழுதப்பட்டது:

"குடத்தத் தொறக்காத, ஆதிரை."